பன்னிரண்டு டேப்லெட்டும் ஒரு கட்டைவிரலும்

அன்னக்கொடி டீச்சரைப் பற்றி ஓடைப்பாறையில் இரண்டு கதை உலவுகிறது. அவருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது, அதனால்தான் வேலை போனது என்பது ஒன்று. பரிசுக்கு ஆசைப்பட்டு ஒரு மாணவியின் பெயரில் பொய்ப்படம் அனுப்பி மாட்டிக்கொண்டார் என்பது இன்னொன்று. இரண்டும் பச்சைப் பொய். முதல் பொய்யைக் கிளப்பிவிட்டது யார் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது பொய் பிறந்தபோது நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அதனால்தான் இதைக் கோபத்தோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஓடைப்பாறை மலைமேலே, கூக்காலுக்கும் அப்பால் இருக்கிறது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். டீச்சர் பக்கத்து மலையூரான போளூரில் பிறந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர். வீட்டுக்காரர் வேலுச்சாமிக்குச் சரிவைப் படியாக வெட்டிய எட்டுப் படி நிலம், பூண்டும் பீன்ஸும் போடுகிறார். டீச்சர் எங்கள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் பகுதிநேர ஓவிய ஆசிரியையாக இருந்தார். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை என்று தாளில் இருக்கும். ஆண்டு விழா மேடையை அலங்கரிப்பது, சுவரில் திருக்குறள் எழுதுவது, பழனியில் படிக்கும் தலைமையாசிரியர் மகளின் உயிரியல் நோட்டில் தவளையின் குடலை வரைந்து கொடுப்பது, இதெல்லாம் எந்த அரைநாளில் சேர்த்தி என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ஒவ்வொரு வருடமும் தலைமையாசிரியர் 'பணி திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் அவருக்கு வேலை. அந்த இரண்டு சொல்லுக்காகத் தவளைக் குடலென்ன, யானைக் குடலையே வரைய வேண்டியிருக்கும்.

ஆனால் வகுப்புக்குள் நுழைந்துவிட்டால் அவர் யாருக்கும் பயந்தவர் இல்லை. இரண்டு முக்கோணம், நடுவே சூரியன், ஓரத்தில் தென்னை மரம் என்று எந்தப் பிள்ளையாவது வரைந்தால் போதும், வெடிப்பார்.

"ஏத்தா, தென்னை மரம் இந்த ஊருல எங்கிட்டுக் கெடக்கு? சன்னலுக்கு வெளிய மலை இருக்கையில காலண்டர் மலையப் போட்டு வச்சிருக்க. எந்திரி, வெளிய போயிப் பாத்து வரை."

எங்கள் பள்ளி மேட்டில் இருக்கிறது. வயல், வீட்டுக்கூரை, ரோடு எல்லாம் காலுக்குக் கீழே தெரியும். பறந்து போகிற காக்கையின் வயிற்றைப் பார்த்துத்தான் சமவெளிப் பிள்ளைகள் வளர்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அதன் முதுகைப் பார்க்கிறார்கள். அந்த முதுகை வரையச் சொல்லிக் கொடுத்தவர் அன்னக்கொடி டீச்சர். ஒன்பதாம் வகுப்பு தமிழ்மதி அதை நன்றாக வரைவாள். நான் அவளுடைய வகுப்பாசிரியர், அறிவியல் எடுப்பவன். கிழங்குக்கும் வேருக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க அவளைத்தான் போர்டுக்குக் கூப்பிடுவேன்.

டீச்சருடைய ஒரே எதிரி ஈரம். ஜூனில் சாரல் பிடித்தால் டிசம்பர் வரை தாள் நமுத்துக் கிடக்கும். போஸ்டர் கலர் காயவே காயாது. வரைந்த படத்தைப் பீரோவில் வைத்தால் பத்து நாளில் பூசணம். சத்துணவு சமைக்கும் பொன்னுத்தாய் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் கொடுத்திருந்தார். பிள்ளைகளின் படங்கள் அதில் காயும். பொன்னுத்தாய் தமிழ்மதியின் அம்மா. எங்கள் பள்ளி ஓவியங்களில் எப்போதும் சாம்பார் வாசனை அடிக்கும்.

அப்படிப்பட்டவருக்குக் கம்ப்யூட்டர் ஆகாதாம்! ஊரில் முதன்முதலாகத் தொடுதிரையில் படம் வரைந்தவரே அவர்தான். தண்ணீர்த் தொட்டி வளைவில் மட்டும்தான் டவர் கிடைக்கும். சாயங்காலம் அங்கே போய் நின்று பாட வீடியோக்களை இறக்கிக்கொண்டு வருவார். கண்ணாடி கீறிய செல்போனில் விரலாலேயே வரைந்து பழகினார். ஒருநாள் ஆசிரியர் அறையில் என் முன்னால் அந்தப் போனை நீட்டினார்.

"சயின்ஸ் சார், இதப் பாருங்க. ஈரமே இல்லாத பெயிண்டு. மழ பெய்ஞ்சா பெய்ஞ்சுட்டுப் போகட்டும்."

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் டேப்லெட்டுகள் வந்தன. கோயம்புத்தூர்க்காரர்கள் நடத்தும் ஒரு அறக்கட்டளை, மலைப்பள்ளிகளில் டிஜிட்டல் ஓவியம் கற்றுக்கொடுக்க என்று பன்னிரண்டு டேப்லெட் கொடுத்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேனாவோடு. அதற்கான இரண்டு நாள் பயிற்சிக்குத் திண்டுக்கல் போய்வந்தவர் அன்னக்கொடி டீச்சர்தான், அறக்கட்டளை இணையதளத்தில் படம் ஏற்றும் லாகினும் அவர் பெயரில்தான். பெட்டியைப் பிரித்த அன்று அறக்கட்டளை ஆள், "பொறுப்பாசிரியர் கைரேகையப் பதிஞ்சிருங்க" என்றார். டீச்சர் சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

தலைமையாசிரியர் சண்முகராஜ் நடுவே புகுந்தார். "பகுதிநேரத்துக்கு எதுக்கும்மா அவ்வளவு பொறுப்பு? ஒண்ணு ஒடைஞ்சா எங்கிட்டதான கேப்பாங்க." பன்னிரண்டிலும் தன்னுடைய வலது கட்டைவிரலைப் பதித்தார். ரகசிய எண்ணையும் அவரே வைத்துக்கொண்டார். பீரோ சாவியும் அவரிடம்.

சண்முகராஜுக்குச் சொந்த ஊர் பழனி. அடிவாரத்தில் அவர் குடும்பத்துக்கு யாத்ரீகர் விடுதி இருக்கிறது. பக்தர்களின் மூட்டைக்கு டோக்கன் கொடுத்து வளர்ந்தவர். மூட்டையைப் பிரிக்கக் கூடாது, எவன் கொடுத்தானோ அவனிடம் அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். இதுதான் அவர் படித்த படிப்பு. அதை அப்படியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். வியாழக்கிழமை மத்தியானம் ஏதாவது சோலி என்று பழனிக்குப் பஸ் ஏறினால் செவ்வாய்க்கிழமைதான் திரும்புவார். கட்டைவிரலும் கூடவே போய்விடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை.

அந்த டேப்லெட்டுகள் வருடத்தில் இரண்டு தடவை வெளியே வந்தன. சரசுவதி பூசையன்று மேசையில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பேனாக்களுக்குத் தனியாகப் பூப் போட்டு, சூடம் காட்டினோம். நானும் கும்பிட்டேன். இன்னொரு தடவை அறக்கட்டளைக்கு அனுப்பப் போட்டோ எடுத்த அன்று. பன்னிரண்டு பிள்ளைகளை நிறுத்தி, மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காமல் ஆளுக்கொன்று கையில் கொடுத்தார். "பிடிச்சுக்கங்க. தொடாதீங்க" என்றார். பிள்ளைகளும் சிரித்தபடி, தொடாமல், பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

டீச்சர் வாரம் தவறாமல் கேட்டார். அடுத்த வாரம், பரீட்சை முடியட்டும், மழை விடட்டும், கரண்ட் சரியில்லை என்று வாரம் ஒரு பதில். எதிர்த்துக் கேட்கவும் முடியாது, அந்த 'பணி திருப்தி' அவர் பேனாவில் இருந்தது. ஆனால் அறக்கட்டளைக்கு மாதம் இரண்டு டிஜிட்டல் படம் ஏற்ற வேண்டும். அதற்கும் டீச்சரே வழி கண்டுபிடித்தார். தன் செல்போனை வகுப்பில் சுற்றுக்கு விட்டார். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். கீறிய கண்ணாடியில் பிள்ளைகள் அடித்துப்பிடித்துக்கொண்டு வரைந்தார்கள். அதைத் தலைமையாசிரியருக்கு அனுப்பிவைப்பார்.

"ஒங்க லாகின், பாஸ்வேர்டக் குடுங்க டீச்சர். பழனியில வைஃபை இருக்கு, நான் ஏத்திவிட்டுர்றேன்" என்றார் சண்முகராஜ். டீச்சர் நம்பிக் கொடுத்தார். அந்த வளைவை விட்டால் டவரே இல்லாத ஊரில் வேறென்ன செய்வார்?

ஜனவரியில் ஒருநாள் தண்ணீர்த் தொட்டி வளைவில் நானும் தலைமையாசிரியரும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். சண்முகராஜ் சலித்துக்கொண்டார். "இந்தம்மா அனுப்புற படமெல்லாம் குட்டி குட்டியா கெடக்கு, சைட்டுல ஏற மாட்டேங்குது." பிறகு தன் போனில் ஏதோ தட்டினார். ஒரு வரி எழுதினால் படம் போட்டுத் தருகிற செயலிகள் வந்திருக்கிறதே, அதில் ஒன்று. மலைக்கிராமம், பூண்டுத் தோட்டம், மாணவி வரைந்தது போல, என்று எழுதினாராம். அரை நிமிடத்தில் படம் வந்தது. பின்னால் வெள்ளிப் பனிமலை, முன்னால் மரவீடு, இரண்டு பக்கமும் மரங்கள். மரத்துக் கிளைகளில் மாங்காய் தொங்குகிற மாதிரி பூண்டு தொங்கியது.

"எப்படி சார் இருக்கு?" என்று என்னிடம் காட்டினார்.

"நல்லாருக்கு சார்" என்றேன்.

பூண்டு மரத்தில் காய்க்காது என்று எனக்குத் தெரியும். நான் அறிவியல் ஆசிரியர். என் இரண்டு பிள்ளைகள் வத்தலக்குண்டில் படிக்கிறார்கள். அங்கே மாறுதல் கேட்டு நான் எழுதிய விண்ணப்பம் அவர் மேசையில் கிடந்தது. அதனால் பூண்டு மரத்தில் காய்த்தது. வகுப்புப் பட்டியலில் மாணவிகளில் முதல் பெயர் தமிழ்மதி. அந்தப் பெயரைப் போட்டு, டீச்சருடைய லாகினில், படம் பழனியிலிருந்து ஏறியது.

மார்ச் முதல் வாரம் சேதி வந்தது. அறக்கட்டளை நடத்தும் ஓவியப் போட்டிக்கு மாவட்ட அளவில் பத்துப் படங்கள் தேர்வு, அதில் தமிழ்மதியின் படம் ஒன்று. 'கற்பனை வளம் மிக்க படைப்பு' என்று பாராட்டியிருந்தார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை திண்டுக்கல்லில் மேடையில் நேரடியாக டேப்லெட்டில் வரைய வேண்டும். பஸ் நிற்கிற இடத்தில் மறுநாளே பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். பனிமலையும் பூண்டு மரமும் ஒரு பக்கம், தமிழ்மதியின் பாஸ்போர்ட் போட்டோ மறுபக்கம். பொன்னுத்தாய் அன்று சத்துணவோடு எல்லோருக்கும் கேசரி கிண்டிப் போட்டார். தன் மகள் எப்போது அந்தப் படத்தை வரைந்தாள் என்று அவர் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற சனம் அது.

ஊர் அப்படி விடவில்லை. அறுவடை நேரம் வேறு. பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் பிளெக்ஸைப் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "ஏலே, இனிமே குனிஞ்சு பிடுங்க வேண்டாம்லே. ஏணி கொண்டாங்க, ஏறிப் பறிப்போம்." பையன்கள் தமிழ்மதிக்குப் 'பூண்டுமரம்' என்று பெயர் வைத்தார்கள். பூண்டு வெட்டுகிற வீட்டில் பிறந்த பிள்ளை, பூண்டு எங்கே விளைகிறது என்றுகூடத் தெரியாதவள் என்று பெயரெடுத்தாள். அவள் என்னிடம் வந்து, "சார், நான் அத வரையவே இல்ல சார்" என்றாள். டீச்சரிடம் கேள் என்று அனுப்பிவிட்டேன். அதுதான் என் வீரம்.

அன்னக்கொடி டீச்சர் தலைமையாசிரியர் அறைக்குள் போனபோது கதவைச் சாத்தவில்லை. வராந்தா முழுக்கக் கேட்டது.

"பூண்டு எந்த ஊருல சார் மரத்துல தொங்குது?"

"கற்பனை டீச்சர். ஆர்ட்டுல கற்பனை வேணும்னு நீங்கதான சொல்வீங்க."

"எங்க புள்ளைங்க வரைஞ்ச படம் நாப்பது அம்பது ஒங்க போன்ல கெடக்கு. அத விட்டுட்டு எவனோ மிஷின்ல போட்டத ஏத்தியிருக்கீங்க."

"இதுவும் டிஜிட்டல்தான டீச்சர்?"

"டேப்ப பூட்டி வச்சுட்டு டிஜிட்டலாம் டிஜிட்டல்! ரெண்டு வருசமா நாய் மாதிரி கேட்டேனே சார், ஒரு நாளு, ஒரே ஒரு நாளு தந்தீங்களா?"

"சத்தம் போடாதீங்க. ஒங்க ரினியூவல் பேப்பர் இங்கதான் இருக்கு. ரெண்டு நாள் இருக்கு, புள்ளைக்குச் சொல்லிக் குடுங்க. நீங்கதான ட்ராயிங் டீச்சர்?"

டீச்சர் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. நேராகத் தண்ணீர்த் தொட்டி வளைவுக்குப் போய் அறக்கட்டளைக்குப் போன் போட்டார். அந்தப் படம் சரியில்லை, வேறு அனுப்பலாமா என்று கேட்டார். அது பொய்ப்படம் என்று சொல்லவில்லை. பட்டியல் போய்விட்டது, மேடையில் வரைவதற்குத்தான் மதிப்பெண், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பினார். தமிழ்மதி தன் கையால் தன் ஊரை வரைந்தால் அதுவே நிற்கும், பூண்டு மரம் தானாக அழிந்துவிடும் என்று நினைத்தார். அந்தப் பிள்ளையின் பெயர் கெடாமல் திரும்பிவர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

செவ்வாய் மத்தியானம் சண்முகராஜ் ஒரே ஒரு டேப்லெட்டை எடுத்து, கட்டைவிரலை வைத்துத் திறந்து கொடுத்தார். ஒரு நிமிடம் தொடாமல் விட்டால் அது பூட்டிக்கொள்ளும். அவரோ சாப்பிடப் போய்விட்டார். ஆகவே அணையாமல் பார்த்துக்கொள்ளத் திரையின் மூலையில் டீச்சர் தன் விரலால் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார். தமிழ்மதி விரலை வைத்தாள், கோடு விழவில்லை. ஒரு வாரமாகப் பூண்டு வெட்டி, தோல் உரித்து, விரல் நுனியெல்லாம் காய்த்து வெடித்திருந்தது. திரை அதை விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பேனாவைக் கொடுத்ததும் சரியாயிற்று. அரைமணி நேரம்தான் ஆகியிருக்கும். படிப்படியாகப் பூண்டு வயல், குனிந்து நிற்கிற பெண்களின் முதுகு, தகரக்கூரை, அதற்கு மேலே இரண்டு காக்கையின் கறுத்த முதுகு. எட்டிப் பார்த்த நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

டீச்சர் அழுதார். சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

"அரைமணி நேரம் சார்" என்றார். "அரைமணி நேரத்துல வந்துருச்சு. ரெண்டு வருசத்த பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்களே சார்."

வியாழன் வெள்ளனே கிளம்பி டீச்சர், தமிழ்மதி, நான் மூன்று பேரும் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தோம். சண்முகராஜ் முந்தின நாளே பழனிக்குப் போய், அங்கிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு நேராக வந்திருந்தார். கல்யாண மண்டபம், பெரிய திரை, மூன்று நடுவர்கள். தமிழ்மதி பயப்படவே இல்லை. செவ்வாய்க்கிழமை வரைந்ததைவிட நன்றாக வரைந்தாள். திரையில் வயல் விரிந்தபோது கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். டீச்சர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

பிறகு நடுவர் அம்மா, பழைய படத்தையும் பக்கத்தில் போடச் சொன்னார். அன்பாகத்தான் கேட்டார். "ரெண்டும் ரொம்ப வித்தியாசமா இருக்கும்மா. பூண்டை மரத்துல தொங்கவிட்டியே, அந்த ஐடியா எப்படி வந்துச்சு?"

தமிழ்மதிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "பூண்டு மரத்துல காய்க்காதுங்க. மண்ணுக்குள்ளதான் இருக்கும்" என்றாள்.

மண்டபமே சிரித்தது. "அப்புறம் ஏன் அப்படி வரைஞ்ச?"

பிள்ளை எங்களைப் பார்த்தாள். அன்னக்கொடி டீச்சர் எழுந்தார். மைக் கேட்கவில்லை, அவருக்கு அது தேவையுமில்லை.

"அந்தப் படத்த இந்தப் புள்ள வரையலங்க. எங்க பள்ளிக்கூடத்துல எந்தப் புள்ளயும் வரையல. மிஷின் போட்ட படம். இந்தப் புள்ளைக்கு அது தெரியவே தெரியாது. ஏத்தினது எங்க ஹெட்மாஸ்டரு."

சண்முகராஜ் பதறவில்லை. மெதுவாக எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் நிர்வாகம் மட்டும்தாங்க பாக்குறேன். எந்த லாகின்ல ஏறியிருக்குன்னு பாருங்க." பார்த்தார்கள். அன்னக்கொடி, ஓவிய ஆசிரியை என்று இருந்தது. "பரிசு ஆசைங்க. பிள்ளையும் டீச்சரும் சேந்து செஞ்சிருக்காங்க. என் கவனத்துக்கு வரல."

நடுவர் அம்மா என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க வகுப்பாசிரியர்தானே? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். தமிழ்மதி என்னைப் பார்த்தாள். ஒரு வரி சொன்னால் போதும்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "நான் சயின்ஸ்."

திரும்பி வருகிற பஸ்ஸில் தமிழ்மதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "டீச்சர், நான் வரைஞ்சத அழிச்சிட்டாங்களா?" அடுத்த பிள்ளை வரைய வேண்டும் என்று திரையைத் துடைத்துவிட்டதை அவள் பார்த்திருக்கிறாள். யாரும் அதைச் சேமிக்கவில்லை. டீச்சர் அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஏப்ரலில் டீச்சரின் தாளில் 'பணி திருப்தியில்லை' என்று எழுதினார் சண்முகராஜ். ஜூனில் டீச்சருக்கு வேலை இல்லை. தமிழ்மதியின் பெயரை அறக்கட்டளை தன் இணையப் பட்டியலில் 'போலிப் படைப்பு சமர்ப்பித்தவர்' என்று போட்டது. யார் தட்டினாலும் வரும். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற வரை எந்தப் போட்டியிலும் சேர முடியாது. பையன்கள் 'பூண்டுமர'த்தை விட்டுவிட்டு 'போலி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அறக்கட்டளை ஆட்கள் வந்து பன்னிரண்டு டேப்லெட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மற்ற பள்ளிகளில் பாதிக்குப் பாதி கண்ணாடி உடைந்து, பேனா தொலைந்து, பிள்ளைகள் கைபட்டுத் தேய்ந்துபோய்த் திரும்பியதாம். எங்கள் பள்ளி டேப்லெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்காக ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. சண்முகராஜ் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அந்தச் சான்றிதழைப் பார்த்தால் எனக்குக் கல்லெடுத்து எறியத் தோன்றும். எறியவில்லை.

எனக்கு மாறுதல் கிடைத்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் டீச்சருடைய வயலுக்குப் போனேன். அடுத்த போகத்துப் பூண்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். வேலுச்சாமி என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேல் படிக்குப் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். நிறையப் பேசினேன் என்று நினைக்கிறேன், பிள்ளைகள், மாறுதல், பயம் என்று. டீச்சர் நிமிராமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. நானும் அன்னைக்கு போன்லயே உண்மையச் சொல்லியிருக்கணும், சொல்லல. அத நெனச்சு நெனச்சு எனக்கும் தூக்கமில்ல. ஆனா நான் மேடையில சொல்லிட்டேன். நீங்க இன்னும் சொல்லல."

"இப்ப சொன்னா யாரு நம்புவாங்க டீச்சர்?"

அவருக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. "நம்புறதும் நம்பாததும் அவங்க பாடு! சொல்றது ஒங்க பாடு. எனக்கு வேல போனா போகுது, மண்ணு இருக்கு, தின்னுக்குவேன். அந்தப் புள்ளைக்குப் பதினாலு வயசு சார். பேரத் தட்டினா திருட்டுப் பட்டம் வருது. எழுதிக் குடுங்க. தைரியமிருந்தா கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுங்க. இல்லாட்டி வெரசா கெளம்புங்க, பஸ் போயிரும்."

பஸ்ஸைப் பிடித்தேன். நான்கு மாதமாக வத்தலக்குண்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். இதன் ஒரு படியை அறக்கட்டளைக்கும், ஒரு படியைச் சண்முகராஜுக்கும், ஒரு படியைப் பொன்னுத்தாய்க்கும் அனுப்புகிறேன். மாறுதலை ரத்து செய்தாலும் செய்யட்டும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மண்டபத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்.

எனக்குத் தெரியும். அந்தப் படத்தைத் தமிழ்மதி வரையவில்லை. அன்னக்கொடி டீச்சர் ஏற்றவில்லை. தலைமையாசிரியர் சண்முகராஜ் தன் போனில் அதை உண்டாக்கியபோது நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். என் பெயர் நல்லுசாமி. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.